பூஜ்யம் என்றால் சௌக்கியம்

என் அருமை மகனே, உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஹைதராபாத் மல்காஜ்கிரியில் பிறந்து, பால்காரருக்குத் தெலுங்கிலும் ஆட்டோக்காரருக்கு இந்தியிலும் பெற்றவளுக்கு இங்கிலீஷிலும் பதில் சொல்லி வளர்ந்தவன் நீ. ஆகவே இதைத் திவ்யாதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உன் பெண்டாட்டி கோயம்புத்தூர்க்காரி, தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவள் நடுவில் நிறுத்திச் சிரித்தால் அந்த இடம் உன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள். தனியாக வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாமே என்பாய். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவாய். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு 'ஐம்பதுக்குப் பின் ஆரோக்கியம்' என்று ஒரு மருத்துவக் கட்டுரை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய நர்ஸிடம் போய் ஆரோக்கியத்தைக் கேட்பது, வழுக்கைத் தலையரிடம் சீப்பு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது மாதிரி. இருந்தாலும் மரியாதையாகக் கேட்டார்கள். இதோ கட்டுரை. ஊரே படிக்கட்டும்.

நேற்று நீ போன் செய்தபோது 'சாப்பிட்டியா' என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, நீ ஆடிட்டோரியத்துலேர்ந்து சேரைத் தூக்கிட்டுப் போனியாமே?" என்றுதான் ஆரம்பித்தாய். நான் தூக்கியது ஒன்றே ஒன்று. இன்னொன்றை என்னோடு வேலை பார்க்கும் லில்லிக்குட்டி தூக்கினாள். ரத்னம்மாவுடையதை லிஃப்ட்காரர் தூக்கி வந்தார், ஏனென்றால் அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. இதை நான் விளக்குவதற்குள் நீ, "க்ளையன்ட்டும்மா அவங்க! என் பொசிஷனைக் கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்று கத்தினாய். உன் பொசிஷன் எனக்கு நன்றாகத் தெரியும்டா கண்ணா. கொண்டாப்பூரில் ஏசி அறையில், சுழலும் நாற்காலியில், முதுகுக்கு ஒரு மெத்தை, கழுத்துக்கு ஒரு மெத்தை, கை வைக்க இரண்டு பக்கமும் திண்டு வைத்து, பிள்ளை பெற்றவளைப் போல் சாய்ந்து கிடக்கிறாய். அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் நர்ஸ்களின் நலம் எப்படி என்று அளக்க ஓர் ஆப் செய்தாய். சரி, முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும், உன் க்ளையன்ட்டுக்கு அதுவும் தெரியாது.

நான் வேலை பார்க்கும் மூன்றாவது மாடி, ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு. அங்கே ஐம்பதைக் கடந்தவர்கள் மூன்று பேர்: நான், கோட்டயத்து லில்லிக்குட்டி, வாரங்கல் ரத்னம்மா. எங்களுக்கு மேலே புதிதாக ஒரு ஆபரேஷன்ஸ் மேனேஜர் வந்தார். ஏதோ பெரிய ஹோட்டலில் இருந்து வந்தவர். எதைப் பார்த்தாலும் 'லாபி மாதிரி இருக்கணும்' என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லாபி. வந்த வேகத்தில் நர்ஸிங் ஸ்டேஷனில் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு, மேஜையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினார். உட்கார்ந்திருக்கும் நர்ஸைப் பார்த்தால் நோயாளியின் உறவினருக்கு, இவள் சும்மா இருக்கிறாள் என்று தோன்றுமாம். "ஃபைவ் ஸ்டார் ரிசப்ஷனில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை சார், ஆனா அங்கே யாரும் பெட்பேன் வைச்சும் பார்த்ததில்லை" என்றாள் லில்லிக்குட்டி. (எங்கள் வார்டில் ஓடுவது பாதி தெலுங்கும் பாதி இந்தியும் கலந்த ஒரு சரக்கு. திவ்யாவுக்காகத் தமிழில் தருகிறேன்.) அவர் அதை ஒரு ஆலோசனையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். கிண்டல் என்று புரிந்துகொள்ளும் உறுப்பு அந்த மனிதருக்கு வளரவே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்த இடங்களை நீ கேட்க வேண்டும். அழுக்குத் துணி மூட்டை மேல், ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியின் விளிம்பில், துணைக்கு வந்தவர் டீ குடிக்கப் போனால் அவருடைய ஸ்டூலில். நம் சாதிசனம் எல்லாம் 'பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ்' என்று மரியாதை செய்கிற உன் அம்மா, ஸ்டாஃப் பாத்ரூமில் கழிப்பறை மூடியைச் சாத்திவிட்டு அதன் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் நிம்மதி இல்லை, வெளியே இருந்து ரத்னம்மா தட்டுவாள்: "அக்கா, ஜல்தி! இப்ப என் டர்ன்." ரத்னம்மா தசரா கழிந்ததும் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். விட்டால் பரவாயில்லை, அவளுக்குக் கடன் இல்லை, பிள்ளைகள் செட்டில். பயமெல்லாம் வேறு. "வீட்ல அவரு இருக்காரே, அக்கா. முப்பது வருசமா நான் டியூட்டில இருந்ததாலதான் எங்களுக்குள்ள சண்டை இல்ல" என்றாள். ஓய்வு பெறும் வயது வரை அவள் ஓட்டியாக வேண்டும். அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது பதவி உயர்வும் இல்லை, பாராட்டும் இல்லை, நான்கு கால் உள்ள ஒரு பொருள்.

அந்த நேரத்தில்தான் ஐயா எழுந்தருளினீர்கள். முந்தின நாளே போனில் எச்சரிக்கை: "அம்மா, அங்க உனக்கும் எனக்கும் சொந்தம்னு காட்டிக்காதே. கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்." எனக்கு என்ன வந்தது, சரி என்றேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். அழகாகத்தான் இருந்தாய், அதை மறைக்கவில்லை. மூன்று வயது வரை மூக்கைத் துடைக்க என் முந்தானையைத் தவிர வேறு எதையும் நம்பாத பிள்ளை, என் முகத்தைப் பார்த்து "எனி க்வெஸ்சன்ஸ், மேடம்?" என்று கேட்டது. பக்கத்தில் இருந்த லில்லிக்குட்டி என் தொடையைக் கிள்ளியதில் அந்த இடம் கன்றிப் போயிற்று. உன் ஆப்பில் ஒரே கேள்வி. 'வேலையில் எப்படி உணர்கிறீர்கள்?' கீழே ஒரு கோடு, பூஜ்யம் முதல் பத்து வரை. சிரிக்கிற முகம், அழுகிற முகம் எதுவும் கிடையாது, அதெல்லாம் பழைய ஸ்டைலாம். பெயர் கேட்க மாட்டோம், மாடியும் வயதும் மட்டும் போதும், முழு ரகசியம் என்றாய். மூன்றாவது மாடி, ஐம்பதுக்கு மேல் என்றால் மொத்தமே மூன்று பேர். எங்கள் தெருவில் கிசுகிசு பேசுகிறவர்கள்கூட இதைவிட நன்றாக ரகசியம் காப்பார்கள்.

இப்போது உன் பட்டப்படிப்பில் சொல்லித் தராத ஒன்றைக் கேள். எங்கள் வார்டில் பூஜ்யம் முதல் பத்து வரை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வலி. ஒவ்வொரு டியூட்டியிலும் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று "நொப்பி எந்த?" என்று கேட்போம், வலி எவ்வளவு என்று. பூஜ்யம் என்றால் சௌக்கியம். பத்து என்றால் தாங்க முடியவில்லை, ஊசி எடுத்துக்கொண்டு ஓடு. சுவரில் அதற்குப் படமே மாட்டியிருக்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு நரைத்துப் போன மூன்று பேரிடம் ஒரு கோட்டைக் காட்டி எப்படி இருக்கிறீர்கள் என்றால் நாங்கள் என்ன போடுவோம்? ரத்னம்மா பூஜ்யம் போட்டாள். லில்லிக்குட்டி, குதிகால் குத்துகிறது என்பதற்காக நேர்மையாக ஒன்று போட்டாள். நான் இரண்டு போடலாமா என்று விரலை வைத்தேன். பிறகு, மகன் செய்த ஆப் ஆயிற்றே, அவனுக்கு நல்ல பேர் வரட்டும் என்று பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டேன். சின்னப் பெண்கள் பிரியாணி கொண்டுவரும் பையனுக்கு நட்சத்திரம் போட்டுப் பழகியவர்கள். அவர்கள் ஒன்பது, பத்து என்று வாரி வழங்கினார்கள்.

உன் கம்ப்யூட்டர் சிவப்பாகிவிட்டது. மூன்றாவது மாடியின் மூத்த நர்ஸ்கள் மனமுடைந்து மரணப் படுக்கையில் இருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. மகனே, ஒரு விஷயம் கேட்கிறேன், திவ்யா இந்த இடத்தை மெதுவாக வாசிக்கட்டும். அந்த மூன்று பேரில் ஒருத்தி உன் அம்மா என்று உனக்குத் தெரியும். அவளுடைய மனநலம் பூஜ்யம் என்று உன் கையால் செய்த ஆப் சொல்கிறது. நீ எனக்கு ஒரு போன் செய்தாயா? பிறகு கேட்டபோது என்ன பதில் சொன்னாய்? "தனி ஆள் டேட்டாவ நாங்க பார்க்கக் கூடாதும்மா." நன்றாயிருக்கிறது உன் தர்மம்.

லாபி பதறிப் போய் ஒரு வெல்னஸ் கோச்சைக் கூட்டி வந்தார். மெலிந்த பெண், கையில் ஒரு குடம் தண்ணீர் கொள்ளும் பாட்டில். எங்கள் சோகத்தைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கியது. எங்களை வட்டமாக நிற்க வைத்தாள். நிற்க வைத்தாள் என்பதைக் கவனி. கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னாள். ஹைதராபாத்தில் கடலுக்கு எங்கே போவது, நாங்கள் நாறும் ஹுசைன் சாகர் ஏரியை நினைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்தபடி ஹா ஹா ஹோ ஹோ என்றோம். எங்களைப் பார்த்து வார்டே சிரித்தது. வயிற்றில் தையல் போட்டவர்கள் சிரித்தால் என்ன ஆகும்? தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல், ஹெர்னியா ஆபரேஷன் செய்த ஒரு பெரியவர் "அம்மா, சாலு, சாலு" என்று கும்பிட்டார். போதும் போதும் என்று நோயாளி கும்பிட்டுக் கேட்ட சிகிச்சையை நான் அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு எல்லோருக்கும் வலி ஊசி.

அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நடுவே ஒரு நல்லது நடந்தது. மேலிடம் 'என்ன செய்தீர்கள், போட்டோ அனுப்புங்கள்' என்று நெருக்கியது. காட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டுமே என்று லாபி மூன்று மெத்தை நாற்காலிகளை வாங்கி, முதுகில் 'வெல்னஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, எங்கள் ஸ்டேஷனில் போட்டார். அடடா, அந்த நாட்களை என்னவென்று சொல்ல! பெல் அடித்தால் எழுந்து போவோம், வேலை முடிந்தால் வந்து உட்காருவோம். அவ்வளவுதான் உலகத்தில் இருக்கிற மொத்த வெல்னஸும். ரத்னம்மா தசராவை மறந்தாள். வீட்டுக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை இரண்டு சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்.

இங்கேதான் என் வாய் வேலையைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தோம். எனக்கு நல்ல கதை கிடைத்தால் வயிற்றில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். உன் ஆப்பை நாங்கள் தலைகீழாகப் படித்த கதையை அபிநயத்தோடு சொன்னேன். திவ்யா சிரித்ததில் அவளுக்கு ரசம் மூக்கில் ஏறியது. உன் அப்பாகூட, ராணுவ ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற நாளில் சிரித்தவர், இரண்டாவது தடவையாகச் சிரித்தார். நீ மட்டும் மெல்லுவதை நிறுத்தினாய்.

"வெயிட். ஸ்கேலை நீங்க உல்டாவா படிச்சீங்களா?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதை ஹைதராபாத் ஸ்டைலாக.

"அம்மா, இது சிரிக்கிற விஷயமில்ல. ரிப்போர்ட்டே தப்பு. கரெக்ட் பண்ணணும்."

"பண்ணினா அந்தச் சேர் போயிடும்டா."

"சேர் என் டிபார்ட்மென்ட் இல்லம்மா. டேட்டா சரியா இருக்கணும்."

சாம்பார் கையோடு லேப்டாப்பைத் திறந்தாய். உனக்கு நேர்மை வேண்டும் என்று நான்தான் சின்ன வயதில் பிரம்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிரம்பு இப்போது என் முட்டியில் விழுந்தது.

பூஜ்யம் பத்தாயிற்று, ஒன்று ஒன்பதாயிற்று. சிவப்பு பச்சையாயிற்று. ஆஸ்பத்திரியிலேயே ஆனந்தமானவர்கள் மூன்றாவது மாடிக் கிழவிகள் என்று உன் திருத்திய அறிக்கை சொன்னது. ஆனந்தமாக இருப்பவர்களுக்கு மெத்தை எதற்கு? மறுநாளே மூன்று நாற்காலிகளும் லாபியின் அறைக்கு, விருந்தாளிகளுக்காகப் போயின. நான் ரத்னம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "அக்கா, உன் பிள்ளை நல்லா படிச்சவன்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாபம்" என்றாள். நம் பாவம்தான், தெலுங்கில் சொன்னால் இன்னும் கொஞ்சம் உருக்கமாக இருக்கும். அவ்வளவு பரிதாபத்தை என் பிள்ளையின் மேல் இதுவரை யாரும் காட்டியதில்லை.

உன் டேட்டா எப்போது சரியாக இருந்தது என்று நினைக்கிறாய்? முதல் அறிக்கைதான் சரி. நாங்கள் மூவரும் பொய் சொன்னோம். எனக்கு முழங்கால் வலி ஏழு. லில்லிக்குட்டிக்குக் குதிகால் ஆறு. ரத்னம்மா சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது பார்த்தால் உனக்கு எண்ணே தேவைப்படாது. ஆனால் யார் கேட்டாலும் பூஜ்யம் என்றுதான் சொல்லுவோம். எங்கள் வயது நர்ஸ்கள் செய்யும் ஒரே பெரிய முட்டாள்தனம் அது. ஊரான் வலியை நோண்டி நோண்டிக் கேட்போம், 'இரண்டுதான் சிஸ்டர்' என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், பொய் சொல்லாதீங்க என்று அதட்டுவோம். எங்களைக் கேட்டால் 'ஒன்றுமில்லை'. உனக்கு அம்மை போட்டிருந்தபோது இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு வந்து சமையலறைத் தரையில் படுத்துக் கிடந்தேன். "என்ன, டயர்டா?" என்றார் உன் அப்பா. "சும்மா, தரை குளுகுளுன்னு இருக்கு" என்றேன். அந்த மனுஷர் அதை நம்பி, எனக்குக் குளிர்ந்த தரை பிடிக்கும் என்று இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆக, நாங்கள் சொன்ன பொய்யை உன் ஆப் தலைகீழாகப் படித்ததால் உண்மை வெளியே வந்தது. நீ கஷ்டப்பட்டுத் திருத்தி அதை மறுபடியும் பொய்யாக்கினாய். உன் கல்யாணத்துக்கு நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, இதை வைத்துக்கொள்: திவ்யா 'ஐம் ஃபைன்' என்று சொன்னால் அதைப் பதிவு செய்துகொண்டு போய்விடாதே. அவள் எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று பார்.

இனி நேற்று நடந்தது. 'மகிழ்ச்சியான மாடி' விருதாம். ஆடிட்டோரியத்தில் விழா. விருது வாங்குகிற எங்களுக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், சிவப்பு மெத்தை, கைப்பிடி எல்லாம். லாபி எங்களைப் பற்றிப் பேசப் பேச ரத்னம்மா உட்கார்ந்த வாக்கில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்தியில் உருகுகிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதன் மேல் உட்காரவும் முடியாது, கால் வைக்கவும் முடியாது. கூட்டம் கலைந்து எல்லோரும் சமோசாவுக்குப் போனார்கள். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யோசனை யாருடையது என்று கேட்காதே. கேடயத்தை மேடையில் வைத்துவிட்டு நாற்காலிகளோடு லிஃப்டுக்கு நடந்தோம். வழியில் எங்களை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளை உடுப்பில் வயதான பொம்பளை எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது வேலை என்றுதான் உலகம் நினைக்கும்.

லாபி மூச்சிரைக்க மேலே வந்தார். நாங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம்.

"சிஸ்டர், இது ஆடிட்டோரியம் சேர்."

"தெரியும் சார். நல்ல சேர்" என்றாள் ரத்னம்மா.

"உட்டியே ப்ளீஸ், சிஸ்டர்" என்றார், எழுந்திருங்கள் என்று.

"நக்கோ சார்." விருந்தில் இரண்டாவது முறை சாதம் வேண்டாம் என்பார்களே, அந்தப் பணிவோடு சொன்னாள்.

அதற்குள் ஒரு கட்டிலில் இருந்து பெல் அடித்தது. ரத்னம்மா எழுந்து போனாள். இதுதான் சமயம் என்று லாபி நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார். நான் என் காலைத் தூக்கி அந்த மெத்தையின் மேல் போட்டேன். உன் அம்மா பொது இடத்தில் அப்படிச் செய்தாள் என்று உன் மாமியார் வீட்டில் தெரியட்டும், எனக்குக் கவலையில்லை. ரத்னம்மா சலைன் பாட்டிலை மாற்றிவிட்டு வந்தாள், நான் காலை எடுத்தேன், அவள் உட்கார்ந்தாள். லாபி போய்விட்டார். போனவர் உனக்குத்தான் போன் செய்திருக்கிறார்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீ என்னிடம் கேட்டாய். கொடுக்க மாட்டோம். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும் என்று மூவரும் பேசியாயிற்று, விருது கொடுத்த கையோடு எடுப்பதற்கு அவருக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். எப்படியும் அவர் உன்னிடம் இன்னொரு அறிக்கை கேட்பார், மூன்றாவது மாடியில் நிலைமை என்ன என்று. உனக்கு உண்மைதானே முக்கியம்? அப்படியானால் ஆப்பை மூடிவிட்டு, ஒரு நாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இங்கே வா. மேடம் என்று கூப்பிட வேண்டாம். டியூட்டி ஆரம்பிப்பதில் இருந்து முடிகிற வரை எங்களோடு நில். பிறகு கொண்டாப்பூருக்குப் போய், உன் மெத்தை நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், கோடும் எண்ணும் நிறமும் இல்லாமல் இரண்டே வரி எழுதி அனுப்பு: மூன்றாவது மாடியில் நர்ஸ்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் யாரும் சாகவில்லை.